மருத்துவப் பணிக்கு யார் வருவது, எந்த வாசல் வழியாக?
செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மருத்துவப் பணிக்கு ஆட்களை எப்படித் தேர்வது, எப்படி வழிகாட்டுவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட விவாத வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பாலான கட்டங்களைச் செங்கல்பட்டு வட்டாரத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம். செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1920களில் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் சானடோரியம், 1965இல் வந்த செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஆகியவை இன்று அரசுத் தரப்பில் முக்கியமானவை. தனியார் தரப்பில் காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம் பக்கம் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டு, மருத்துவக் கல்வி நிலையங்களின் எண்ணிக்கையில் எந்த மாவட்டத்துக்கும் பின்தங்கியதாகத் தெரியவில்லை.

ஆனால் கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஒரு பெண்ணுக்கோ, திருக்கழுக்குன்றம் பக்கத்து இருளர் குடியிருப்பில் வளரும் ஒரு பையனுக்கோ இந்தக் கட்டடங்களில் எதற்குள், எந்த வேலைக்காக, எப்படி நுழைவது என்பது இன்றும் தெளிவாக இல்லை. நிறுவனங்கள் பெருகியதால் வழி தானாகத் திறந்துவிடவில்லை. இதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் என்ன, அவை எங்கிருந்து வந்தன, எங்கே வலுவிழக்கின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் அழைப்பும்

மிகப் பழைய விடை பிறப்பு. நாவிதர் குலத்தார் ரண சிகிச்சை செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். வைத்தியர் வீட்டு மகன் வைத்தியரானான். பயிற்சி வீட்டுக்குள்ளேயே நடந்தது. கைப்பழக்கம் தலைமுறைகளாகச் சேர்ந்தது இதன் பலம். அந்தக் குடிகளைச் சமூகத்தின் அடித்தட்டிலேயே நிறுத்தி வைத்ததும், பிறருக்கு அந்த அறிவை மூடியதும் இதன் குற்றம். 1835இல் சென்னை மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு இந்த மரபு மெல்லச் சட்டத்தின் அங்கீகாரத்தை இழந்தது. ஆனால் அந்தக் குடிகளிலிருந்து புதிய கல்லூரிக்குள் போக யாரும் பாலம் போடவில்லை.

அடுத்து வந்தது அழைப்பு. மருத்துவ சேவை கடவுள் பணி என்று நம்பிய மிஷன் மருத்துவமனைகள், தேர்வு மதிப்பெண்ணைவிட மனப்பாங்கைப் பெரிதாகக் கருதின. ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியதும், திருமணியில் ஸ்காட்லாந்து திருச்சபையினர் தொழுநோயாளிகளுடன் வேலை செய்ததும் இந்த நம்பிக்கையின் பேரில்தான். அழைப்பு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இங்கேயே நடந்த நல்ல உதாரணம் ஒன்று உண்டு. வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்திருந்த பால் பிராண்டை, தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் 1947இல் செங்கல்பட்டுக்கு அழைத்துவந்தார். விரல்கள் மடங்கிப் போன ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலுவாக இருந்தது. கை செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த இடத்தில் தசைகள் உயிரோடு இருப்பதை அவர் உணர்ந்தார். தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு அந்தப் பிடிதான் தொடக்கம். எலும்பு மருத்துவத்தின் ஒரு கிளையே திருமணி வார்டில் ஒரு மனிதர் இன்னொருவரை நேரில் அழைத்துக் காட்டியதால் பிறந்தது என்றால் மிகையில்லை.

வழிகாட்டுதல் என்பது நேரில் காட்டுவது என்ற இந்தப் பாடத்தைப் பிற்காலத்துத் திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன. எனினும் அழைப்பு என்ற விடைக்கு இரண்டு பெரிய பலவீனங்கள் உண்டு. எல்லோரும் அழைக்கப்படுவதில்லை, யாருடைய வீடு மிஷனுக்கு அருகில் இருந்ததோ, யாருடைய சமூகம் அதோடு உறவு வைத்திருந்ததோ அவர்களே பெரும்பாலும் உள்ளே வந்தார்கள். இன்னொன்று, சேவை என்ற சொல் சம்பளப் பேச்சை அமுக்கிவிடும். செவிலியர் ஊதியம் கேட்டுப் போராடும்போது இன்றைக்கும் தியாகத்தை நினைவூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதிப்பெண்ணா, நீதியா?

பொது வாதத்தில் அதிகம் பேசப்பட்ட பகுதி இது என்பதால் சுருக்கமாகவே கடக்கலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி உத்தரவை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு மருத்துவக் கல்லூரி இடம் பற்றியதுதான். 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. இடஒதுக்கீட்டுக்கான இந்திய சட்ட அடிப்படை ஒரு மருத்துவ இடத்தைச் சுற்றி உருவானது தற்செயல் ஆகாது. எம்.பி.பி.எஸ். இடம் எப்போதும் அரிதாகவே இருந்திருக்கிறது.

1984இல் மாநிலத்தில் நுழைவுத் தேர்வு வந்தது. 2006 சட்டத்தால் ஒழிந்தது. 2017இல் நீட் வழியாகத் திரும்பியது. நீட்டை ஆதரிப்போர், பல தேர்வுகளின் சுமையும் தனியார் கல்லூரிகளின் நன்கொடைக் கொள்ளையும் குறையும் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயமான பகுதி இருக்கிறது. ஆனால் நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, சேர்ந்தவர்களில் இரண்டாம், மூன்றாம் முறை எழுதியவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 சதவீதம். 2020-21இல் 71 சதவீதம். ஓராண்டு வீட்டிலிருந்து கோச்சிங் போக முடிகிறவர்களுக்கே வாசல் அகலமாயிற்று என்று இதைப் படிப்பதே பொருத்தம். கடலோரக் குடும்பத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு சம்பாத்தியமின்றி இருப்பது எளிய செலவல்ல.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இதற்கு நேரடியான பதில். முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. கட்டணத்தையும் அரசு ஏற்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இது உண்மையான சாதனை என்றே கருதுகிறேன்.

ஆயினும் தகுதி வாதம், நீதி வாதம் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறுகல் இருக்கிறது. இரண்டுமே டாக்டர் ஆவது பற்றியே பேசுகின்றன. ஒரு மருத்துவமனையில் நோயாளியைத் தொடும் கைகளில் பெரும்பாலானவை டாக்டருடையவை அல்ல. செவிலியர், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், எக்ஸ்ரே பணியாளர், பிசியோதெரபிஸ்ட், டயாலிசிஸ் டெக்னீஷியன், 108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் என்று பட்டியல் நீள்கிறது. இவர்களில் யார் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றி அமைதி நிலவுகிறது. எழுபது ஆண்டு நீதிமன்ற விவாதங்களில் கிராம சுகாதார செவிலியர் பணிக்கு யார் வர வேண்டும் என்று கேட்ட பெரிய வழக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எத்தனை பேர் தேவை என்ற கணக்கு

அந்த அமைதியைக் கலைக்க முயன்றவர்கள் திட்டமிடுபவர்கள். 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை, நாட்டில் 6,300 பேருக்கு ஒரு டாக்டரும் 43,000 பேருக்கு ஒரு நர்ஸும் இருப்பதாகக் கணக்கிட்டது. டாக்டர் பற்றாக்குறையைவிட நர்ஸ் பற்றாக்குறை பல மடங்கு கடுமையாக இருந்தது. ஆனாலும் அந்த அறிக்கையின் மிகப் பெரிய விளைவு டாக்டர்களைப் பற்றியதாகவே அமைந்தது. பட்டம் பெற்ற ஒரே வகை டாக்டர் போதும், குறுகிய காலப் படிப்பான லைசென்ஷியேட் முறை வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. அன்று பதிவு பெற்றிருந்த சுமார் 47,000 மருத்துவர்களில் 30,000 பேர் அந்த லைசென்ஷியேட்டுகள்தான். குழுவின் உறுப்பினர் சிலரே இதை ஏற்கவில்லை. ஏறுவதற்கு எளிதாக இருந்த ஒரு படியை எடுத்துவிட்டால் கிராமங்களுக்கு யார் போவார்கள் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலை இன்னும் உயிரோடு இருக்கிறது. சத்தீஸ்கரில் மூன்றாண்டுப் படிப்பு முடித்த கிராம மருத்துவ உதவியாளர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர்களுக்கு இணையாகச் செயல்பட்டதாக ஆய்வு வந்தபோதும், தமிழ்நாட்டில் அந்த யோசனை வரவேற்கப்படவில்லை. ஏழைக்கு அரைகுறை டாக்டரா என்ற எதிர்க்கேள்வி இங்கே வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

டாக்டர் அல்லாத பணியாளரை முறையாக உருவாக்கிய பரிசோதனைக்குத் திருமணி முக்கிய இடம். 1955இல் மத்திய அரசு அந்த மருத்துவமனையை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. தேசிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. திட்டத்துக்குத் தேவைப்பட்டவர் பெரிய பட்டதாரி அல்ல. ஊர் ஊராகப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் வெளிறிய தேமல் இருக்கிறதா என்று பார்த்து, கண்ணை மூடச் சொல்லி அந்த இடத்தை மெல்லத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டு, முழங்கையின் உட்புறத்தில் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவர். சில மாதப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அப்படிப் பயிற்சி பெற்ற துணை மருத்துவப் பணியாளர்கள் டாப்சோன் மாத்திரையோடும், 1980கள் முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையோடும் வீடு வீடாகப் போனார்கள். நோயின் பெயரைச் சொன்னாலே பெண் கொடுக்க மறுத்த காலத்தில் அது சாதாரண வேலை இல்லை. இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானது என்று 2005 இறுதியில் அறிவிக்க முடிந்ததில் இவர்களின் நடைக்குப் பெரும் பங்குண்டு.

பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று? நோய் குறைந்ததும் தனித் திட்டம் பொது சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த இணைப்பு 1990களின் பிற்பகுதியிலேயே நடந்தது. மருத்துவம் சாரா மேற்பார்வையாளர் போன்ற பணியிடங்கள் சுருங்கின. தோலையும் நரம்பையும் படிக்கக் கற்றிருந்த அந்தத் திறனுக்கு வேறு துறைகளில் மதிப்பு கிடைக்கவில்லை. அதை வைத்து நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்ட்டாகவோ மேலே போக வழி இல்லை. ஒரு நோயை நம்பி ஒரு தொழிலை உருவாக்கினால் அந்த நோய் ஒழியும்போது தொழிலாளி எங்கே போவார் என்பதைத் திட்டமிடுபவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்தில், 1968இல் தொடங்கிய புகழ்பெற்ற பி.சி.ஜி. பரிசோதனைக்கும் இதே கேள்வி பொருந்தும். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டு, பல ஆண்டு தொடர்ந்து கண்காணித்த அந்த ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று உலகுக்குச் சொன்னது. விஞ்ஞானிகளின் பெயர்கள் ஆய்விதழ்களில் நிலைத்தன. வெயிலில் எக்ஸ்ரே வண்டியோடும் சளி மாதிரிக் குப்பிகளோடும் திரிந்த களப்பணியாளர்களின் தொழில் வரலாற்றை எழுதினவர்கள் அரிது.

1973இல் கர்தார் சிங் குழு, நோய்க்கு ஒரு பணியாளர் என்பதை விட்டுப் பல்நோக்குப் பணியாளரைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அதன் வலுவான வடிவம் கிராம சுகாதார செவிலியர். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒருவர். கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து ‘பிக்மி’ பதிவு எண் வாங்குவது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, புதன்கிழமை தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்க் குழந்தையின் எடை பார்ப்பது, இடையில் பதிவேடுகளும் டேப்லெட்டில் ஏற்ற வேண்டிய விவரங்களும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் மாநிலத்தில் மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல் பதிவானது. இந்த எண்ணுக்குப் பின்னால் அந்தச் செவிலியர்களின் நடை இருக்கிறது. கடலோர ஊர்களில் பல சிறுமிகளுக்கு முதன்முதலில் தெரியவரும் மருத்துவப் பணியாளர் அவரே. அவரைப் பார்த்து அந்தப் பணிக்கு ஆசைப்படும் சிறுமிக்கு என்ன சொல்வது? துணைச் செவிலியர் படிப்பு, பிறகு பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று பதவி உயர்வுகள் உண்டு. ஆனால் அவை மேற்பார்வைப் பதவிகள், மேலே போகப் போக எண்ணிக்கையில் மிகக் குறைவானவை. இருபது ஆண்டு கர்ப்பிணிகளைப் பார்த்த அனுபவம், பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெற ஒரு சலுகையாகக் கணக்கிடப்படுவதில்லை.

இதோடு ஒப்பிட்டால் டாக்டர்களுக்கு இருக்கும் வழி எவ்வளவு அகலமானது என்பது புரியும். தமிழ்நாட்டில் முதுநிலை மருத்துவப் படிப்பின் மாநில இடங்களில் பாதி அரசுப் பணி மருத்துவர்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்தது. நடுவில் வந்த தடையை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு நீக்கியது. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் டாக்டர்கள் போனதற்கு இந்த வாய்ப்பே முக்கியக் காரணங்களில் ஒன்று என்று பொது சுகாதாரத்தை அறிந்தவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். சேவை செய்தால் மேலே போகலாம் என்ற வாக்குறுதி ஆளை இழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் சொந்த ஆதாரம் இது. அதே வாக்குறுதியைச் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் ஏன் கொடுக்கவில்லை என்பது நியாயமான கேள்வி.

ஊர்க்காரர் ஊருக்குத் திரும்புவாரா?

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல்களில், கிராமப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்ப்பதை முன்னணிப் பரிந்துரையாக வைக்கிறது. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972 முதல் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களை எடுத்து, கட்டணத்துக்கு ஈடாகச் சொந்த மாகாணத்தில் சுமார் ஒன்பது ஆண்டுப் பணி வாங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யும் பரிந்துரை பெற்றுச் சேர்வோரிடம் பின்தங்கிய பகுதி மருத்துவமனைகளில் பணிக்கு ஒப்பந்தம் வாங்கும் மரபுடையது. கிராமத்திலிருந்து வந்தவர் கிராமத்தில் தங்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் ஒருமித்துச் சொல்கின்றன.

செங்கல்பட்டுக்கு இதை அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு. இந்த மாவட்டத்தில் கிராமம் என்பது எது? கேளம்பாக்கத்தில் அடுக்குமாடிகள், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிச் செய்யூர் பக்கம் உப்பளங்களும் சவுக்குத் தோப்புகளும். ஒரே மாவட்டத்தில் இரண்டு உலகங்கள். சென்னை இவ்வளவு அருகில் இருக்கும்போது, ஊரில் தங்குவது என்பதே ஊரில் வேலை செய்வது ஆகாது. காலையில் கிளம்பிப் பெருங்குடி கார்ப்பரேட் மருத்துவமனைக்குப் போய் இரவு திரும்பும் செவிலியர்கள் இங்கு ஏராளம். பின்னணி மட்டுமே ஒருவரைப் பொதுப் பணியில் நிறுத்தாது. அங்கே கிடைக்கும் வேலையின் நிலைத்தன்மையும் அதை முடிவு செய்கிறது.

அந்த நிலைத்தன்மை எப்படி இருக்கிறது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் எழுத்துத் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்கக) வளாகத்தில் திரண்டார்கள். நர்சிங் படித்தால் அரசு வேலை என்று மகளுக்குச் சொல்லிவந்த பெற்றோருக்கு அந்தக் காட்சி எதைச் சொல்லியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கான கவர்ச்சி இங்கிருந்து தொடங்குகிறது. 1978இல் நிறுவப்பட்ட அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களை அனுப்புகிறது. தனிமனிதருக்கு அது நல்ல முன்னேற்றம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் உள்ளூர்ப் பற்றாக்குறைக்கு அது விடையாகாது.

தகவல் போதுமா?

அண்மைக் கால விடை, தகவல். பிள்ளைகளுக்கு வாய்ப்புகள் தெரியவில்லை, தெரிவித்தால் வருவார்கள் என்பது அதன் அடிப்படை. 2022 மார்ச் 1இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் அதன்கீழ் நடக்கும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும் இந்த வகை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் (2024) ஆகியவை தகவலோடு பணத்தையும் சேர்த்தன. மீனவக் குடும்பத்தில் மீன்பிடித் தடைக்கால மாதங்களில் பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் அந்த ஆயிரம் எவ்வளவு பெரிது என்பதை அங்குள்ளவர்கள் அறிவார்கள்.

தகவல் வாதத்தின் பலவீனம் அதன் நேரத்தில் இருக்கிறது. பிளஸ் டூவில் நடக்கும் வழிகாட்டு முகாம், ஏற்கெனவே முடிந்துபோன ஒரு முடிவுக்குப் பின்னால் வருகிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ‘எந்த குரூப்?’ என்று கேட்கும் அந்த ஒரு வாரத்தில்தான் உண்மையான கதவு சாத்தப்படுகிறது. பயோ-மேத்ஸோ பியூர் சயின்ஸோ எடுக்காதவருக்குப் பி.எஸ்சி. நர்சிங் முதல் பெரும்பாலான துணை மருத்துவப் பட்டங்கள் வரை அடைபட்டுவிடும். அந்த முடிவை எடுக்கும் வயது பதினைந்து. பல பள்ளிகளில் அதை மதிப்பெண்ணே எடுத்துவிடுகிறது: அதிகம் வாங்கியவருக்கு முதல் குரூப், குறைவாக வாங்கியவருக்கு காமர்ஸ் அல்லது தொழிற்கல்வி. சில கடலோரப் பிள்ளைகள் அருகில் உயிரியல் பிரிவு உள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் தொலைவைக் கணக்குப் பார்த்தே குரூப்பை முடிவு செய்கிறார்கள். நீட் இல்லாமலே, பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேரக்கூடிய படிப்புகள் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே இது சொல்லப்பட்டிருந்தால் பலரின் வழி மாறியிருக்கலாம்.

இன்னொரு தடை மொழி. தமிழ் வழியில் தேறி வரும் மாணவி நர்சிங் முதலாண்டில் உடற்கூறியலையும் உடலியங்கியலையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறாள். முதலாண்டில் தடுமாறிப் பின்தங்குவதற்கு இது பெரிய காரணம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். சேர்க்கையோடு வழிகாட்டுதல் முடிந்துவிடுவதாக நினைக்கும் எந்தத் திட்டமும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பத்துப் பிரிவுகளில் தொழில்களை வகைப்படுத்தி, பாடத்திட்டத்துக்கும் பதிவுக்கும் அமைப்பு ஏற்படுத்துவது அதன் நோக்கம். மூலைக்கு மூலை முளைத்த அங்கீகாரமற்ற பாராமெடிக்கல் நிலையங்களில் பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு இது காலந்தாழ்ந்த பாதுகாப்பு. நடைமுறை இன்னும் முழுமை பெறவில்லை. அதுவரை ‘இந்தப் படிப்புக்குப் பதிவு உண்டா?’ என்ற கேள்வியை ஒவ்வொரு பெற்றோரும் தாமே கேட்க வேண்டிய நிலை.

வடநெம்மேலியிலிருந்து எழும் கேள்வி

மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி முதலைப் பண்ணையை ஒட்டி இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வணிகம் தடைப்பட்ட பிறகு 1978இல் அது உருவானது. உறுப்பினர்கள் வயல் வரப்பிலும் புதரிலும் தடம் பார்த்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிக்கிறார்கள். துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்து விஷம் எடுக்கிறார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விடுகிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்த விஷத்திலிருந்தே நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. ஆகவே இந்தப் பானைகள் எத்தனை உயிர்களோடு சம்பந்தப்பட்டவை என்பது வெளிப்படை. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருக்கழுக்குன்றம் அருகே தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவை வளர்த்துவருகிறது.

இவர்கள் மருத்துவப் பணியாளர்களா? எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லை. நச்சியலின் முதல் கட்டத்தைக் கையால் செய்பவரின் மகன், அதே மருந்தைத் தயாரிக்கும் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர அந்தக் குடும்ப அறிவு எந்த மதிப்பையும் பெறாது. மூலிகை அறிந்தவரின் மகள் சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்குள் போக நீட் எழுத வேண்டும். முதலில் சாதிச் சான்றிதழ் வேண்டும்; பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில் வாங்க அலைவது இருளர் குடும்பங்களின் நீண்டகாலக் குறை. மாநிலத்தில் பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 சதவீதம். அந்த ஒன்றுக்குள் நுழையவே சான்றிதழ் ஒரு மலை. பிறப்பு என்ற பழைய விடையைத் தள்ளிவிட்டோம். தள்ளும்போது அதிலிருந்த அறிவை எடுத்து வைத்துக்கொள்ள ஒரு வழியை யோசித்திருக்கலாம். இதைச் சொல்வது பரம்பரைத் தொழிலுக்குத் திரும்பச் சொல்வதாகாது. ஒருவர் கொண்டுவரும் கைத்திறனுக்குச் சேர்க்கையில் ஓர் எடை தருவது வேறு, அதையே தலையெழுத்தாக்குவது வேறு.

இன்னும் தீராதவை

இத்தனை விடைகளையும் வரிசையில் வைத்தால், ஒவ்வொன்றும் ஒரு பகுதியைத் தொட்டிருப்பது தெரிகிறது. அழைப்பு நேரில் காட்டியது. நீதி வாதம் வாசலை அகலப்படுத்தியது. திட்டமிடல் டாக்டர் அல்லாதவரை உருவாக்கியது. தகவல் திட்டங்கள் கடைசிப் பிள்ளை வரை பேச முயல்கின்றன. உள்ளே வந்தவர் மேலே போவதற்கான ஏற்பாட்டை இவற்றில் எதுவும் முழுமையாகச் செய்யவில்லை, டாக்டர் வர்க்கத்தைத் தவிர. இதுவே இந்த நூறாண்டு விடைகளின் பெரிய இடைவெளி என்று எனக்குத் தோன்றுகிறது.

சில விஷயங்களில் உறுதியாகப் பேச இன்னும் காலம் ஆகவில்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முதல் அணி 2020-21இல் சேர்ந்தது. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுப் படிப்பு அது. அவர்கள் அரசுப் பணிக்கு வருகிறார்களா, சொந்த மாவட்டங்களில் நிற்கிறார்களா என்பதைத் தொடர்ந்து பதிவு செய்தால், கிராமப் பின்னணி பற்றிய உலக ஆய்வுகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்துமா என்பதை நம் தரவிலேயே சோதிக்க முடியும். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை டாக்டர்களைப் பற்றியவை. டெக்னீஷியன்களுக்கும் செவிலியர்களுக்கும் அதே முடிவைப் பொருத்தலாமா என்பது திறந்த கேள்வி.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்கள் பெறுவது ஊக்கத்தொகை. திருமணியின் துணை மருத்துவப் பணியாளர்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேருமா என்று அஞ்ச இடமுண்டு. தன்னார்வலர், துணைச் செவிலியர், பட்டச் செவிலியர் என்று ஒரே ஏணியில் அனுபவத்தைக் கணக்கிட்டு ஏற்றிச் செல்ல முடியுமா? அரசு நர்சிங் கல்லூரி இடங்களில் ஒரு பகுதியைப் பணியில் உள்ள கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஒதுக்கலாம் என்பதற்கு, டாக்டர்களுக்கான பணியாளர் ஒதுக்கீடே முன்மாதிரியாக இருக்கிறது. எதிர்வாதங்களும் வலுவானவை. படிக்கப் போகும் ஆண்டுகளில் துணை சுகாதார நிலையத்தை யார் பார்ப்பது? பட்டம் பெற்றவர் மருத்துவமனை வார்டுக்கே போய்விட்டால் கிராமம் தன் அனுபவசாலியை இழக்காதா? நாற்பது வயதில், குடும்பத்தை வைத்துக்கொண்டு, நான்காண்டுப் படிப்பு எத்தனை பேருக்குச் சாத்தியம்? பகுதி நேரப் படிப்பை நர்சிங் கவுன்சில் ஏற்குமா? இவற்றுக்கு விடை காகிதத்தில் கிடைக்காது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரியும், திருமணியில் பயிற்சி அனுபவமுள்ள நிறுவனமும், கடலோரம் முழுக்கத் துணை சுகாதார நிலையங்களும் ஒன்றுக்கொன்று சில மணி நேரத் தொலைவுக்குள் இருக்கின்றன. ஒரு சிறிய குழுவோடு, மாற்றுச் செவிலியரை நியமித்து, விளைவுகளை வெளிப்படையாக அளந்து சில ஆண்டு நடத்திப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் மாநிலத்தில் அதிகம் இல்லை.